நின்று போன ராஜ்தூத்தை எழுப்புவது எப்படி?

எங்கள் பெரியப்பாவின் ராஜ்தூத் 175 மோட்டார் சைக்கிள், காரைக்குடி அருகே சாக்கோட்டைப் பக்கத் தோட்டத்தில் மாட்டுக் கொட்டகை ஓரமாக 14 வருடம் நின்றது. அதற்கு முன்னால் அது சும்மா நின்று நான் பார்த்ததில்லை. காலையில் இரண்டு பக்கமும் பால் கேன், மதியம் புல்லுக்கட்டு, அறுப்பு முடிந்தால் புதுவயல் அரவை மில்லுக்கு நெல் மூட்டை. மாட்டுப் பொங்கலன்று மாடுகளோடு அதற்கும் பொட்டும் மாலையும் உண்டு. அத்தனை உழைத்த வண்டியைப் பிரித்துப் பார்த்தால் தேய்ந்திருந்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் துரு, காய்ந்த பெட்ரோல் பிசின், குளவி கட்டிய மண். வண்டி ஓடிக் கெடவில்லை, நின்று கெட்டிருந்தது.

இது தெரியாமல் முதல் மாதமே பிஸ்டன் செட் வாங்கி வைத்தேன். அது இன்னும் அட்டைப்பெட்டியில் அப்படியே இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: வண்டி என்ன அறிகுறி காட்டுகிறது என்று பார்த்து, காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி ஓடிவிட்டால் எது கெட்டிருந்தது என்பது கடைசி வரை தெரியாது.

ராஜ்தூத் பெரிய ரகசியம் உள்ள வண்டி இல்லை. போலந்து நாட்டு எஸ்.எச்.எல். எம்11 வண்டியை மூலமாக வைத்து எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1960களில் இங்கே செய்யத் தொடங்கியது. 173 சிசி, ஒரு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், மூன்று கியர். வால்வு கிடையாது, ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். கீழே சொல்வதில் பலவும் எஸ்டி பைக்குக்கும் பழைய டிவிஎஸ் 50க்கும் பொருந்தும்.

கிக்கர் இறங்கவே இல்லை

வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், கியர் லிவரே துருப்பிடித்து இருக்கும்போது இது கையில் தெரியாது. நியூட்ரலில் இருந்தும் கிக்கர் கல்லு மாதிரி நின்றால் பிஸ்டன் போருக்குள், அதாவது சிலிண்டரின் உள்துளைக்குள், பிடித்துக்கொண்டிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் ஓட்டை சிலிண்டர் சுவரிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்தியபோது பிஸ்டன் கீழே இருந்திருந்தால் அந்த ஓட்டை திறந்தே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று சைலன்சர் வழியாக நேரே உள்ளே போகும். எங்கள் வண்டியில் ரிங் போரோடு ஒட்டியது அப்படித்தான்.

கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். கிக்கர் ஷாஃப்ட்டின் பல் உடைந்தால் முழு இஞ்சினையும் பிரிக்க வேண்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து ஒரு சின்ன டம்ளர் அளவு பிளக் ஓட்டையில் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் விடுங்கள். அப்புறம் மூன்றாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டுங்கள். முதல் கியரில் ஆட்டினால் சக்கரத்தின் பலம் பிஸ்டனுக்குக் குறைவாகத்தான் போகும். தினம் காலையில் ஐந்து நிமிடம் ஆட்டியதில் எங்களுக்கு நான்காவது நாள் ஒரு ‘டக்’ கேட்டது. ஒரு வாரம் ஆகியும் அசையாவிட்டால் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றத்தான் வேண்டும்.

பிஸ்டன் விட்டுக்கொடுத்த பிறகும் உடனே கிக் அடித்து ஓட்டிவிடக் கூடாது. சைலன்சர் வாலையும் ஏர் ஃபில்டர் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் ஃபில்டர் பெட்டிக்குள் மண்குளவி ஒரு கைப்பிடி மண்ணை வைத்துக் கூடு கட்டியிருந்தது. செம்மண் தூள் போருக்குள் போனால் அது உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

கிக்கர் இறங்குகிறது, ஆனால் வண்டி மூச்சே விடவில்லை

பத்து கிக் அடித்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, கார்புரேட்டர் பக்கம் போங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு இல்லை. முக்கால்வாசி வேலை இந்த ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

நெருப்பைப் பார்க்க பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, பிளக் உடம்பு சிலிண்டர் ஃபின்னைத் தொடும்படி வைத்து கிக் அடியுங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றும். பட்டப்பகலில் பொறி தெரியாது, கொட்டகை இருட்டில் செய்யுங்கள். நீலமாக, ‘சட்சட்’ என்று சத்தத்தோடு வந்தால் நல்லது. மஞ்சளாக நூல் மாதிரி வந்தால் பலமில்லை.

பொறியே இல்லை என்றால் வரிசை இது. முதலில் புது பிளக், இடைவெளி 0.6 மி.மீ. சுற்றி. அடுத்து பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, வயரின் முனையை இரும்புக்கு ஐந்து மி.மீ. தூரத்தில் பிடித்துப் பாருங்கள். பிடிப்பதற்குக் காய்ந்த மரக் குச்சி வேண்டும், விரல் வேண்டாம். இப்போது பொறி வந்தால் கேப்தான் கெட்டது. அடுத்தது பலரும் தாண்டிப் போகும் இடம்: சாவி சுவிட்சுக்குப் போகும் வயர். ஃப்ளைவீல் காந்தத்திலிருந்து பொறி எடுக்கும் மேக்னெட் வண்டியில் சாவியை அணைத்தால் நடப்பது, காயிலின் மின்சாரத்தை பாடிக்கு இறக்கிவிடுவது. அந்த வயர் எங்காவது தோல் உரிந்து சேசிஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் வண்டி எப்போதும் ‘ஆஃப்’தான். இஞ்சின் பக்கத்திலேயே அந்த வயரைப் பிரித்துவிட்டு கிக் அடியுங்கள். எலி கடித்த வயர் எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது இங்கேதான்.

அப்புறம்தான் பாயிண்ட், அதாவது பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் இரண்டு முனைகள். ஃப்ளைவீலில் இருக்கும் ஜன்னல் வழியாகவே தெரியும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட் முனைகளில் மெல்லிய சாம்பல் படலம் படிந்திருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் மின்சாரம் போகாது. மிக நைசான எமரித் தாளை மடித்து இரண்டு முனைக்கும் நடுவில் விட்டு நான்கு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளை அட்டையை விட்டு இரண்டு இழுப்பு. கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு ரொம்பப் பொருத்தம், வீட்டில் அதற்குப் பஞ்சமும் இருக்காது. முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி 0.4 மி.மீ. இருக்க வேண்டும், ஃபீலர் கேஜ் வைத்தே பாருங்கள். பிளேடு வைத்துக் குத்துமதிப்பாகப் பார்க்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும், அதனால் அது வேண்டாம்.

கிக் அடிக்கும்போது பாயிண்ட்டுக்கு நடுவில் பெரிதாக நீலப் பொறி பறந்து, பிளக்கில் ஒன்றும் வராவிட்டால் பாயிண்ட்டோடு இணைந்த கண்டன்சர் செத்துவிட்டது. பாயிண்ட்டில் ஒரு முனை பள்ளமாகவும் மறுமுனை மேடாகவும் ஆகியிருந்தாலும் அதே காரணம்தான். இதற்குள் கை வைக்க ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும். அதற்கென்று இருக்கிற புல்லரைப் போடுங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். காந்தம் பலம் குறையும், கிராங்க் வளையவும் வளையும். கழற்றியதும் ஃப்ளைவீலைத் தண்டோடு பிடித்து வைக்கும் சின்னக் கீயைப் பாருங்கள். அது பாதி வெட்டுப்பட்டிருந்தால் பொறி நன்றாக வந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகாது, கிக்கர் திரும்பிக் காலில் அடிக்கும்.

உதிரி பாகம் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மாத் தேக்கு கதவு கிடைக்கும், பெல்ஜியம் கண்ணாடி கிடைக்கும், ராஜ்தூத் பாயிண்ட் கிடைக்காது. அதற்கு மதுரை, திருச்சிப் பக்கம் பழைய ஸ்பேர் கடை ஏறி இறங்க வேண்டும். போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். ‘ராஜ்தூத்துக்கு’ என்று வாயால் கேட்டால் வேறு மாடலுடையது வரும்.

பிளக் காய்ந்திருந்ததா? டேங்கிலிருந்து வரும் பைப்பைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, டேங்க் அடியில் இருக்கும் பெட்ரோல் காக்கைத் திறந்து ஒரு டம்ளரில் பிடியுங்கள். தாராளமாக ஓடினால் அடைப்பு கார்புரேட்டரில். காய்ந்த பெட்ரோல் உள்ளே பலாப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். பெட்ரோலில் ஊறவிட்டு, பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளைக் கழற்றி, எதிர்த்திசையில் காற்று அடியுங்கள். ஜெட் ஓட்டைக்குள் ஊசி விடாதீர்கள், பித்தளை இளகியது, ஓட்டை பெரிதாகிவிடும். மெல்லிய வயரின் ஒற்றைச் செம்புக் கம்பி போதும். வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடுகிறோமே என்று கார்புரேட்டரைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு விடாதீர்கள். ஜெட்தான் பித்தளை. உடம்பு வேறு உலோகம், அதைப் புளி தின்றுவிடும்.

கார்புரேட்டர் வழிந்துகொண்டே இருந்தால் உள்ளே மிதக்கும் ஃப்ளோட்டைக் கழற்றிச் சுடுதண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வருகிற இடத்தில் ஊசி ஓட்டை இருக்கிறது.

ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது

இது எங்கள் வண்டியின் செல்ல நோய். தோட்டத்தில் கிளம்பினால் கண்டனூர் தாண்டும் முன் இருமி நின்றுவிடும். பத்து நிமிடம் வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு அடித்தால் முதல் கிக்கில் எழும். மெக்கானிக் அண்ணன் ஒருவர், “தம்பி, இஞ்சினை இறக்கிருவோம்” என்றார். சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க வேண்டுமாம், கிராங்க் பார்க்க வேண்டுமாம்.

இறக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி அந்த மூடிதான். மூடியில் காற்று போக ஒரு குண்டூசி ஓட்டை இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அதன் இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடமாகி பெட்ரோல் தொங்கி நின்றுவிடும். எங்கள் மூடியின் ஓட்டையில் செம்மண்ணும் மாட்டுச் சாணப் பொடியும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. செலவு ஒரு குண்டூசி.

மூடியைத் திறந்தும் எழவில்லை என்றால் சூட்டோடு சூடாகப் பொறியைப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது நல்ல பொறி, சூடானதும் இல்லை என்றால் கண்டன்சரோ காயிலோ சூட்டில் விட்டுப்போகிறது. ஆறிய பிறகு சோதித்தால் இரண்டும் யோக்கியமாக நடிக்கும். பொறியும் சரியென்றால் காக்கின் வலையில் துரு சேர்ந்திருக்கும்.

டேங்கைக் குலுக்கினால் சிவப்பாக வருகிறது

பழைய வழி, டேங்குக்குள் ஜல்லிக்கல்லைப் போட்டுக் குலுக்குவது. கை ஒடியும், மூலைக்குள் இருக்கும் துரு போகாது. நான் செய்தது மின்சார வழி. காரைக்குடிக்காரர்கள் இதற்கு வெட்கப்படத் தேவையில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்கிறோமே, அங்கே இரும்பு ஏன் அரிக்கிறது என்பதே ஒரு பெரிய ஆராய்ச்சி. நம் தேவைக்கு அதில் ஒரு பள்ளிக்கூடப் பாடம் போதும்.

டேங்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு பெட்ரோல் வாடை போகும்வரை நான்கைந்து முறை கழுவுங்கள். காக் ஓட்டையை ரப்பர் தக்கை வைத்து அடையுங்கள். தண்ணீர் நிரப்பி, நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவை சோடா கரையுங்கள். ஆப்ப சோடா இல்லை, சலவை சோடா. கட்டட வேலைக் கம்பி ஒரு முழம் எடுத்து மூடி வாயில் ரப்பரில் தொங்கவிடுங்கள், அது டேங்கின் எந்த இடத்தையும் தொடக் கூடாது. 12 வோல்ட் பழைய மாடல் பேட்டரி சார்ஜரின் பிளஸ் கம்பிக்கு, மைனஸ் டேங்குக்கு. இது தலைகீழாகப் போனால் துருவுக்குப் பதில் டேங்க் கரையும். ஸ்டெயின்லெஸ் கம்பி போடாதீர்கள், அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும்.

சிறிது நேரத்தில் நுரை கட்டும். அந்தக் குமிழியில் இருப்பது ஹைட்ரஜன், எளிதில் வெடிக்கும். ஆகவே வெட்டவெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி கூடாது, சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கம்பியை எடுத்துச் சுரண்டிவிட்டுத் திரும்ப வையுங்கள். எனக்கு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆனது. கொட்டிக் கழுவியதும் வெயிலில் உடனே காயவைத்து, பெட்ரோலும் 2டி ஆயிலும் கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரம் ஈரத்தோடு விட்டால் புதுத் துரு வந்துவிடும்.

துரு போனதும் அது அடைத்து வைத்திருந்த ஓட்டைகள் தெரியவரும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அடியில் ஊசி ஓட்டை என்றால் பற்றவைப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள், வீட்டில் முயல வேண்டாம். பெட்ரோல் காலியான டேங்க்தான் நிரம்பியதைவிட ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு உண்டு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைத்துக் கரைக்கும். பைப், காக் வாஷர், மூடி ரப்பர் எல்லாம் புதிதாகப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

புகை

டூ ஸ்ட்ரோக் வண்டி லேசாக நீலப் புகை விடும், அது நோய் இல்லை. லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் போதும். புதிதாகப் போர் அடித்திருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு 50 மில்லி. பெரியப்பா காலத்துக் கணக்கில் கண்ணால் பார்த்து ஊற்றினால் தெருவே மறையும்.

ஆயிலை அளந்து ஊற்றியும் வெள்ளையாகக் குபுகுபு என்று வருகிறது, பிளக் அடிக்கடி எண்ணெயில் நனைகிறது என்றால் கியர்பாக்ஸ் ஆயில் அளவைப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் அது குறைந்துகொண்டே வந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. இஞ்சின் அந்த ஆயிலைக் குடிக்கிறது. நின்ற வண்டியில் சீல் ரப்பர் கட்டையாகி, ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளில் வெடிக்கும். இது இஞ்சினைப் பிரிக்கும் வேலைதான், தப்பிக்க வழியில்லை.

மேக்னெட் பக்கத்து சீல் போனால் புகை வராது, அதைவிட மோசம் வரும். ஆக்சிலரேட்டரை விட்டாலும் இஞ்சின் அலறிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் சூடேறும். காற்று திருட்டு வழியில் நுழைந்து பெட்ரோல் கலவையை வறட்டுகிறது. கலவையோடுதான் ஆயிலும் வருகிறது என்பதை மறக்காதீர்கள். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடிக்கும். கார்புரேட்டர் இணைப்பிலும் சிலிண்டர் அடி பேக்கிங்கிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், அங்கே காற்று போகாவிட்டால் சீல்தான்.

சத்தம் பெரிது, இழுவை இல்லை

நம் பக்கம் மலை கிடையாது. சோதனைக்குக் கண்மாய்க் கரை ஏற்றம் ஒன்று போதும். பின்னால் ஒரு மூட்டையோடு இரண்டாவது கியரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் நேரே ரிங்கைச் சந்தேகப்படாமல் சைலன்சரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பேஃபிள் குழாயைக் கழற்றினால் கரியும் ஆயிலும் சேர்ந்த கீல் அடைத்திருக்கும். சீமைக் கருவேல விறகுத் தணலில் போட்டுச் சிவக்கும்வரை எரித்து, ஆறியதும் தட்டினால் கொட்டிவிடும். துணி காயும் பக்கம் செய்யாதீர்கள், புகை அப்படி. எக்ஸாஸ்ட் ஓட்டையைச் சுரண்டும்போது பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து, மரக்குச்சியால் சுரண்டுங்கள்.

இதற்குப் பிறகும் இழுக்கவில்லை என்றால் கிக்கரில் மெதுவாக ஏறி நில்லுங்கள். நின்று, தயங்கி இறங்கினால் கம்ப்ரஷன் உண்டு. வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கினால் சிலிண்டரைக் கழற்றி, ரிங்கைப் போருக்குள் வைத்து முனை இடைவெளியை அளக்க வேண்டும். 0.8 மி.மீ. தாண்டினால் புது ரிங். போரில் நகத்தில் தட்டும் கோடு இருந்தால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன். அளவு பார்க்காமல் முதலிலேயே பிஸ்டன் வாங்குகிறவன் கதை மேலேயே இருக்கிறது.

கியர் போட்டதும் பாய்ந்து அணைகிறது

கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. கிளட்ச் லிவரை ஹேண்டில்பாரோடு கயிறு போட்டுக் கட்டி, பழைய கியர் ஆயிலை மாற்றி, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் இரண்டாவது கியரில் வைத்து லிவரைப் பிடித்தபடி ஆளை விட்டுத் தள்ளச் சொன்னால் பிரிந்துவிடும். மாறாக இஞ்சின் கத்தி வண்டி நகராவிட்டால், கேபிளில் இரண்டு மூன்று மி.மீ. தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். தளர்வு இருந்தும் வழுக்கினால் தட்டு மாற்ற வேண்டும்.

விளக்கு மின்மினி மாதிரி

இது 6 வோல்ட் வண்டி. கடைக்காரர் 12 வோல்ட் பல்பைக் கொடுத்திருப்பார், மாற்றிக்கொள்ளுங்கள். பல்பு சரியாக இருந்தும் மங்கினால் எர்த் வயர் சேசிஸில் மாட்டும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டுங்கள்.

பிரேக்கை ஓட்டிப் பார்க்கும் முன்னாலேயே பிரித்திருக்க வேண்டும். ஷூவில் லைனிங் ஒட்டு விட்டு டிரம்முக்குள் தனியாகக் கிடக்கும், பழைய வண்டிகளில் இது சகஜம். விரிசல் விட்ட டயரில் கருவேல முள் ஏறாமல் வீடு திரும்புவதும் நடக்காது. ஆர்.சி. 15 வருடம் தாண்டியிருந்தால் புதுப்பித்த பிறகே மெயின் ரோட்டுக்குக் கொண்டு போங்கள், அதற்கு விளக்கும் பிரேக்கும் ஹாரனும் சரியாக இருக்க வேண்டும்.

ஓட்டிவிட்டு வந்ததும் பெட்ரோல் காக்கை மூடுங்கள். இஞ்சினை அணைத்த பிறகு, கிக்கரை மெதுவாக அமுக்கி, காலுக்குக் கடினம் தட்டுகிற இடத்தில் விட்டுவிடுங்கள். பிஸ்டன் மேலே நின்று எக்ஸாஸ்ட் ஓட்டை மூடியிருக்கும். சைலன்சர் வாலில் ஒரு துணிப்பந்து, குளவிக்கு. அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணும்போது அதை எடுக்க மறந்து நான் இருபது கிக் அடித்திருக்கிறேன்.